மேல்முறையீட்டில் தாள்கள்தான் பேசும்

2017 பிப்ரவரியில் சென்னை முகலிவாக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தாள். அதே குடியிருப்பில் வசித்த இளைஞர் கைதானார். மறு ஆண்டு பிப்ரவரியிலேயே செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாலியல் வழக்குகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் இழுபடும் நாட்டில் இது மின்னல் வேகம். 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மனிதரை விடுதலை செய்தது.

குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்காகப் பேச வழக்கறிஞர் இல்லை. பிறகு சட்ட உதவியாக நியமிக்கப்பட்டவருக்கும் வழக்கைப் படித்துத் தயாராகப் போதிய அவகாசம் தரப்படவில்லை. சிறுமியைக் கடைசியாக அவருடன் பார்த்ததாகச் சொன்ன சாட்சியம் நம்பும்படி இல்லை. பெரிதாகப் பேசப்பட்ட சிசிடிவி பதிவு முறைப்படி சான்றாக்கப்படவே இல்லை. உச்ச நீதிமன்றம் அடுக்கிய காரணங்களில் முக்கியமானவை இவை. அப்படியானால் அந்தக் குழந்தையைக் கொன்றது யார் என்று கேட்கத் தோன்றும். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் இருப்பது வேறு கேள்வி. இந்தத் தாள்கள், இந்த மனிதர் மீதான குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கின்றனவா என்பது மட்டும்தான் அது.

அந்த விடுதலையைக் கண்டு கொதித்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அது 2025 டெல்லி மீது பாய்ந்தது. பாய்ந்திருக்க வேண்டியது, அந்தத் தாள்கள் தயாரான 2017 மீது. பாலியல் குற்ற வழக்கில் தண்டனை கிடைத்த அன்று வழக்கு முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். மேல்முறையீட்டில் நிற்காத தண்டனையால் பாதிக்கப்பட்டவருக்கு எந்தப் பயனும் இல்லை. அவருக்கு அது இரண்டாம் அடி.

மேல்முறையீடு என்றால் வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்துவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சாட்சிகள் மறுபடி கூண்டேறுவதில்லை. கீழ் நீதிமன்றத்திலிருந்து வரும் கட்டில் முதல் தகவல் அறிக்கை, மகஜர், விபத்துப் பதிவேட்டின் நகல், தடய அறிவியல் அறிக்கை, சாட்சியங்கள், தீர்ப்பு எல்லாம் இருக்கும். அதைத் தட்டச்சு செய்து கட்டிய தொகுப்பை வழக்கறிஞர்கள் 'டைப் செட்' என்பார்கள். அதை வைத்துக்கொண்டுதான் இரு தரப்பும் வாதாடும். கூடுதல் சாட்சியம் பெறவும், மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவை விதிவிலக்குகள்.

மகளிர் நீதிமன்றமோ, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ சிறப்பு நீதிமன்றமோ தந்த தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் வழக்கு நடந்த மாவட்டத்தைப் பொறுத்து அது சென்னையாகவோ மதுரைக் கிளையாகவோ இருக்கும். கால வரம்பு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள். மரண தண்டனையை எதிர்த்துக் கைதி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் நிறைவேற்ற முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 374ஆம் பிரிவில் இருந்த மேல்முறையீட்டு உரிமை, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 415ஆம் பிரிவில் இருக்கிறது. எண் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான்.

தண்டிக்கப்பட்டவர் மட்டுமே மேல்முறையீடு செய்திருக்கும்போது உயர் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டலாமா? கூட்டக் கூடாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் அழுத்தமாகச் சொன்னது. பக்கத்து வீட்டுப் பெண்ணை மானபங்கம் செய்ததாகத் தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்ய, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து தற்கொலைக்குத் தூண்டிய குற்றத்தையும் அவர் மீது சேர்த்திருந்தது. அந்தப் பகுதி ரத்தானது. நீதி கேட்டு மேலே போனவன் போனதாலேயே கூடுதல் தண்டனை பெற்றுத் திரும்புவான் என்றால், யாரும் மேலே போக மாட்டார்கள். இந்த விதியின் பொருள் அதுதான்.

பாலியல் வழக்கின் தாள்களுக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. கொலை வழக்கில் உடல் இருக்கும், ஆயுதம் இருக்கும், அக்கம்பக்கத்தார் இருப்பார்கள். இங்கே பெரும்பாலும் ஒரே ஒரு சாட்சி: அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, அந்தப் பெண் அல்லது குழந்தை. அந்த ஒருவரின் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்கலாமா என்ற கேள்வி இந்திய நீதிமன்றங்களை முதலிலிருந்தே அலைக்கழித்திருக்கிறது. ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம், வேறு சாட்சியத்தின் துணை தேவை என்பது சட்டக் கட்டாயம் இல்லை, முன்ஜாக்கிரதைக்கான நெறி என்றது. 1983இல் குஜராத் வழக்கில், இந்தியச் சூழலில் ஒரு பெண் தன் மானத்தைப் பணயம் வைத்துப் பொய் சொல்ல முன்வருவது அரிது என்று ஒரு படி மேலே போனது. 1996இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில், பள்ளி மாணவியின் நடத்தையைக் கொச்சைப்படுத்திக் குற்றவாளிகளை விடுவித்த விசாரணை நீதிமன்றத்தைக் கண்டித்து, காயம்பட்ட சாட்சிக்குத் தரும் மதிப்புக்குக் குறையாத மதிப்பை இந்தச் சாட்சிக்குத் தர வேண்டும் என்றது. 2012இல் மறுபக்கமும் தெளிவானது. ஒற்றைச் சாட்சியை மட்டும் நம்பித் தண்டிப்பதானால் அந்தச் சாட்சியம் முதல் வாக்குமூலம் தொடங்கிக் குறுக்கு விசாரணை வரை பிசிறில்லாமல் நிற்க வேண்டும் என்று ஒரு டெல்லி வழக்கில் வகுத்தது. இன்று உயர் நீதிமன்றங்களில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் கையில் வைத்திருப்பவை இவற்றில் கடைசி இரண்டு தீர்ப்புகள்தான். அரசு 1996ஐ நீட்டும்; மேல்முறையீட்டாளர் 2012ஐ நீட்டுவார்.

ஆகவே எல்லாமே அ.சா.1இன் சாட்சியம் தாளில் எப்படி இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியம் பொதுவாகக் கேள்வி பதிலாக எழுதப்படுவதில்லை. தொடர்ந்த உரைநடையாக எழுதச் சொல்கிறது சட்டம். கேள்வி பதிலாகப் பதிவு செய்வது நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் குரலை உயர்த்திச் சுற்றி வளைத்துக் கேட்ட கேள்வி மறைந்துவிடும். "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல", "எதிரியை எனக்கு முன்பே தெரியும் என்றால் சரியல்ல" என்ற வரிகள் மட்டும் மிஞ்சும். கேட்ட கேள்வி என்ன, எத்தனை முறை கேட்டார்கள், எந்த இடத்தில் அந்தப் பெண் அழுதாள், நீதிபதி குறுக்கிட்டாரா? எதுவும் தெரியாது. சாட்சியின் நடத்தை பற்றிக் குறிப்பெழுத விசாரணை நீதிபதிக்கு இடமிருக்கிறது. எழுதுகிற நீதிபதி குறைவு. சாட்சியை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி, அவர் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் வாய்ப்பாடாகச் சொல்லும். ஆனால் பார்த்ததை அவர் எழுதி வைக்காவிட்டால் அந்த மதிப்பு எதன் மேல் நிற்கும்?

இன்னொரு நுட்பமும் உண்டு. போலீசாரிடம் ஒரு மாதிரி சொல்லிவிட்டு நீதிமன்றத்தில் வேறு மாதிரி சொன்னார் என்று காட்ட வேண்டுமானால், அந்த முரண்பாட்டைச் சாட்சியிடமே சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும். பிறகு புலனாய்வு அதிகாரியிடமும் கேட்டு நிரூபிக்க வேண்டும். விசாரணையில் இதைச் செய்யத் தவறிய வழக்கறிஞரின் கட்சிக்காரர், மேல்முறையீட்டில் எவ்வளவு பெரிய மூத்த வழக்கறிஞரை வைத்தாலும் அந்த முரண்பாட்டைப் பயன்படுத்த முடியாது. ஏழைக் கைதிகளின் அப்பீல்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகின்றன. அவர்களின் வழக்கு தோற்றது உயர் நீதிமன்றத்தில் அல்ல, யாரும் குறுக்கு விசாரணை செய்யாத ஒரு பிற்பகலில்.

டெல்லி சாவ்லா வழக்கு இதற்கு இருபுறமும் கூர்மையான சான்று. 2012 பிப்ரவரியில் 19 வயதுப் பெண் கடத்தப்பட்டுக் கூட்டு வன்முறைக்குப் பின் கொல்லப்பட்டார். 2014இல் மூவருக்கு மரண தண்டனை. அதே ஆண்டு உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. அரசுத் தரப்பில் விசாரிக்கப்பட்ட 49 சாட்சிகளில் முக்கியமான பத்துப் பேர் குறுக்கு விசாரணையே செய்யப்படவில்லை. மரபணுச் சோதனைக்கான மாதிரிகள் காவல் நிலையக் கிடங்கில் நாள்கணக்கில் கிடந்து பிறகுதான் ஆய்வகம் போயின. இடையில் யாரும் தொடவில்லை என்பதற்கு உறுதியில்லை. அந்தப் பெண்ணின் பெற்றோர் மறுசீராய்வு கேட்டார்கள், அதுவும் தள்ளுபடியானது. பத்து ஆண்டு காத்திருந்த குடும்பத்துக்குக் கடைசியில் கிடைத்தது, போலீசார் மாதிரிகளை எப்படி வைத்திருந்தார்கள் என்ற விளக்கம்.

விடுதலைகள் எல்லாம் தொழில்நுட்ப ஓட்டையால் வந்தவை என்று நினைப்பவர்கள் மகாராஷ்டிர வழக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும். 2003 ஜூனில் நாசிக் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் குடிசைக்குள் புகுந்து கொள்ளை, கொலை, வன்புணர்வு. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் கைதானார்கள். 2006இல் ஆறு பேருக்கும் மரண தண்டனை. உயர் நீதிமன்றம் மூவருக்கு அதை ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் மறுபடி தூக்கு விதித்தது. அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் தூக்குத் தண்டனை மறுசீராய்வுகளைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014இல் வந்த தீர்ப்பால் இந்த வழக்கு மறுபடி திறந்தது. கட்டைப் புரட்டியபோது தெரிந்தது: உயிர்தப்பிய பெண், காவல்துறைப் புகைப்படத் தொகுப்பைப் பார்த்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அவர்களை யாரும் கைது செய்யவில்லை, விசாரிக்கவும் இல்லை. 2019 மார்ச்சில் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு. அதற்குள் சிறையில் 16 ஆண்டு போயிருந்தது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவர். எல்லாத் தாள்களும் 2009இலும் அங்கேயே இருந்தன. அதே நீதிமன்றம் அப்போதும் படித்தது.

அந்தப் பெண்ணுக்கும் நீதி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தவறான ஆளைத் தண்டிக்கும்போது உண்மையான குற்றவாளிக்கு நாமே ஆயுள் விடுதலை தருகிறோம்.

தாள் பேசுகிறது என்றேன். அதைப் படிப்பவரின் மனமும் கூடவே பேசுகிறது. இதற்கு 1972இன் மதுரா வழக்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. மகாராஷ்டிரத்தின் அன்றைய சந்திரபூர் மாவட்டம், தேசாய்கஞ்ச் காவல் நிலையம். புகார் விசாரணைக்கு வந்த மதுரா என்ற பழங்குடிப் பெண்ணை இரவில் நிறுத்திவைத்துக் காவலர் ஒருவர் வன்புணர்ந்ததாகவும் இன்னொருவர் அத்துமீறியதாகவும் வழக்கு. 1974இல் அமர்வு நீதிமன்றம் விடுதலை செய்தது: அந்தப் பெண் உறவுக்குப் பழகியவள், ஆகவே சம்மதித்திருப்பாள் என்பது வாதம். 1976இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை அதைப் புரட்டியது: காவல் நிலையத்துக்குள் காவலர்கள் முன் பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல. ஒருவருக்கு ஐந்து ஆண்டு, மற்றவருக்கு ஓராண்டு. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுதலை செய்தது: உடம்பில் காயம் இல்லை, அவள் எதிர்த்த அடையாளம் இல்லை. ஒரே சாட்சியம், ஒரே மருத்துவ அறிக்கை, மூன்று நீதிமன்றம், மூன்று வாசிப்பு.

அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு வெளிப்படைக் கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்புணர்வில் பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் சம்மதமில்லை என்றே அனுமானிக்க வேண்டும் என்ற விதி வந்தது. தவறாகத் தீர்ந்த ஒரு மேல்முறையீடு சட்டப் புத்தகத்தையே மாற்றியது. அந்தத் தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

அந்த மனநிலை ஒழிந்துவிட்டதா? 2021 ஜனவரியில் நாக்பூர் கிளை ஒரு போக்சோ மேல்முறையீட்டில், ஆடைக்கு மேல் தொட்டது போக்சோவின் பாலியல் தாக்குதல் ஆகாது என்று மூன்றாண்டுத் தண்டனையை ஓராண்டாக்கியது. அட்டர்னி ஜெனரலே உச்ச நீதிமன்றம் போக வேண்டி வந்தது. நவம்பரில் பழைய தண்டனை மீண்டது. நம் ஊரும் விலக்கல்ல. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில், சிறுமியை வன்புணர்ந்ததற்காகக் கடலூரில் ஏழாண்டுத் தண்டனை பெற்றவரின் மேல்முறையீடு வந்தது. பாதிக்கப்பட்ட பெண் பெற்றோரை இழந்தவர், அந்த வன்முறையால் பிறந்த குழந்தையோடு வாழ்ந்தவர். சமரச மையத்தில் பேசித் தீர்க்க வசதியாகக் குற்றவாளியை இடைக்கால ஜாமீனில் விடுமாறு உத்தரவானது. சமரசத்தில் அந்தப் பெண் என்ன விரும்புகிறார் என்று கேட்டார்களா? அவர் மறுத்துவிட்டார். ஜூலை தொடக்கத்தில் வேறொரு வழக்கில், வன்புணர்வில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு ஆண்டு முன்பே, 2013இல், சமரசம் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தும் இது நடந்தது.

நல்ல மாற்றங்களும் மேல்முறையீடுகளிலிருந்துதான் வந்திருக்கின்றன. மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் நடந்த இருவிரல் சோதனை, பெண் 'பழக்கப்பட்டவளா' என்று எழுதிவைக்கும் அவமானம். ஒரு அரசு மருத்துவமனையில் இளம் மருத்துவர் கிறுக்கிய அந்த ஒற்றை வரி, பல ஆண்டு கழித்து மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு வாதத்தின் தலைப்பாக வந்து நிற்கும். 2013இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தும் பழக்கம் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு போக்சோ மேல்முறையீட்டை விசாரிக்கும்போது, இதை உடனே தடை செய்யுமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி இச்சோதனை செய்பவர் மீது நடத்தைக்கேடு நடவடிக்கை என்றது.

இனி நீதிபதிகளையே திணறடிக்கும் ஒரு வகை. பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணும் இருபதை ஒட்டிய பையனும் ஓடிப்போகிறார்கள். பெண் வீட்டார் புகார். போக்சோவில் சம்மதத்துக்கு மதிப்பில்லை. குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு, இருபதாண்டு. குறைக்க விசாரணை நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. மேல்முறையீடு வரும்போது அவர்களுக்குக் குழந்தை பிறந்திருக்கும். 'பாதிக்கப்பட்டவர்' என்று தாளில் இருப்பவரே கணவனை வெளியே விடச் சொல்லிக் கேட்பார். நாமக்கல் மாவட்ட வழக்கு ஒன்றில் பத்தாண்டுத் தண்டனையை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன், 2019இல், வயது வரம்பைப் பதினாறாகக் குறைப்பதைப் பரிசீலிக்கலாம் என்று எழுதினார். 2022இல் உச்ச நீதிமன்றம், தாய்மாமனை மணந்து இரண்டு குழந்தைகளுடன் வாழ்ந்த தமிழ்நாட்டுப் பெண்ணின் வழக்கில், அந்தத் திருமண வழக்கத்தையும் குடும்பத்தையும் கணக்கில் கொண்டு தண்டனையை நீக்கியது.

கொல்கத்தாவில் நடந்தது இன்னும் சிக்கல். 2023இல் உயர் நீதிமன்றம் இருபதாண்டுத் தண்டனையை ரத்து செய்தது. கூடவே, வளரிளம் பெண்கள் தம் பாலியல் உந்துதலைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று உபதேசமும் செய்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, 2024 ஆகஸ்டில் குற்றத் தீர்ப்பை மீட்டது. பிறகு ஒரு குழுவை அனுப்பி அந்தப் பெண்ணின் நிலையைக் கேட்டறிந்தது. வீடு, போலீஸ், நீதிமன்றம் என எல்லாம் சேர்ந்து செய்ததே அவளுக்குப் பெரிய காயம் என்று உணர்ந்து, 2025 மே மாதம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, குற்றவாளிதான் ஆனால் தண்டனை இல்லை என்று முடித்தது. மனிதாபிமானமான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். டெல்லி வரை போக முடியாத தம்பதிக்கு அது கிடையாது. ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதியின் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலையைச் சட்டம் இயற்றுபவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். அதுவரை ஒரே மாதிரி இரண்டு வழக்குகளில், அமர்வு மாறினால் முடிவும் மாறும்.

கடைசியாக வாச்சாத்தி. விசாரணைத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நின்றது என்றால் எப்படி நிற்கிறது என்று பார்க்க இதைவிடப் பெரிய உதாரணம் இந்திய நீதித்துறையிலேயே அரிது.

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து மலைவாழ் மக்களின் ஊர். சந்தனக் கட்டை பதுக்கலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன; 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள்; பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அரசு முழுக்க மறுத்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் ஆண்டுக்கணக்கில் பின்னால் நின்றது. 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது. வன்புணர்வுக்காக மட்டும் 17 பேர்: 12 பேருக்குப் பத்தாண்டு, ஐவருக்கு ஏழாண்டு.

மேல்முறையீட்டு வாதங்கள் எதிர்பார்த்தவைதான். சம்பவம் நடந்து ஏன் உடனே புகார் இல்லை? சாட்சியங்களில் முன்னுக்குப்பின் முரண் ஏன்? நீதிபதி பி. வேல்முருகன் தாள்களோடு நிற்கவில்லை. 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போனார். ஏரிக்கரையையும் ஊரையும் பார்த்தார், மக்களிடம் பேசினார். 2023 செப்டம்பர் 29, தருமபுரித் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். புகார் கொடுக்க வேண்டியவர்களைச் சிறையில் அடைத்துவிட்டுத் தாமதம் என்று வாதிடுவது எடுபடவில்லை. சின்னச் சின்ன முரண்கள் மொத்தச் சாட்சியத்தையும் சாய்க்கவில்லை. 18 பெண்களுக்கும், இறந்துபோனவர் குடும்பங்களுக்கும் தலா 10 லட்ச ரூபாய் வழங்கவும், அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் ஆணையிட்டார். அப்போதைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னார். மீதித் தண்டனையை அனுபவிக்க உடனே காவலில் எடுக்குமாறு அமர்வு நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது.

முகலிவாக்கம் ஓராண்டில் தீர்ந்தது, மேலே நிற்கவில்லை. வாச்சாத்தி பத்தொன்பது ஆண்டில் தீர்ந்தது, நின்றது. மெதுவாக நடத்தினால் நல்லது என்று யாரும் இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பெண்களில் சிலர் கடைசித் தீர்ப்பைப் பார்க்காமலே இறந்துபோனார்கள். வாச்சாத்தியைக் காப்பாற்றியது, பதினெட்டுப் பெண்களும் எத்தனை முறை கேட்டாலும் சொன்னதையே சொன்னதும், குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்ற ஒரு பெரிய சாட்சியத் தொகுதியும். வேகமும் வேண்டும், தாளும் சுத்தமாக இருக்க வேண்டும். 2018இல் சட்டம் ஒரு காலக்கெடு வைத்தது: வன்புணர்வுத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். புதிய சட்டத்திலும் அந்த வரி இருக்கிறது. அதை நிறைவேற்றத் தேவையான அமர்வுகளும் அரசு வழக்கறிஞர்களும் அந்த வரியோடு சேர்ந்து வரவில்லை.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தர உயர் நீதிமன்றத்தால் முடியும். இங்கே ஒரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. விசாரணைக்கு முன் குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்ற அனுமானம் இருக்கும். தண்டனைக்குப் பின் அது போய்விடும். கடும் குற்றங்களில், மேல்முறையீடு வெல்ல நியாயமான வாய்ப்பு மேலோட்டப் பார்வையிலேயே தெரிந்தால்தான் தண்டனையை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இலும் வலியுறுத்தியது. எதிர்த்திசையில், மேல்முறையீடு ஐந்தாண்டு, எட்டாண்டு விசாரிக்கப்படாமல் கிடந்தால் ஏழாண்டுத் தண்டனைக்காரர் முழுத் தண்டனையையும் முடித்தபின் நிரபராதி என்று அறியப்படுவார். நிலுவை இரண்டு தரப்பையும் ஒரே மாதிரி கொல்கிறது.

பாதிக்கப்பட்டவர் இந்தக் கட்டத்தில் எங்கே? விடுதலையையும், சிறிய குற்றமாகக் குறைத்ததையும், இழப்பீடு போதாமையையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய 2009 டிசம்பர் 31 முதல் அவருக்கு உரிமை உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம், அதற்கு முன் அனுமதி தேவையில்லை என்றது. தண்டனை போதாது என்று மட்டும் அவர் மேலே போக முடியாது. அதை அரசுதான் செய்ய வேண்டும். 2022இல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் விரிவாகச் சொன்னது: புலனாய்வு தொடங்கி மேல்முறையீடு முடியும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குக் கேட்கப்படும் உரிமை உண்டு. ஆனால் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் தாக்கலானது, ஜாமீன் மனு வந்தது என்பதைக் கிராமத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு யார் சொல்வது? எதிரி தெருவில் நடந்துவரும்போதுதான் பல குடும்பங்களுக்குச் செய்தி தெரிகிறது. தீர்ப்பு வந்த அன்றே பாதிக்கப்பட்டவரின் கைபேசி எண்ணை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பதிந்து, மேல்முறையீடு எண்ணானதும் தகவல் தருவது கடினமான வேலை அல்ல. மாநிலத்தின் குற்றவியல் வழக்குத் தொடர்வுத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பணம் இல்லை என்று மேல்முறையீட்டைக் கைவிட வேண்டியதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறைக்காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் நியமிக்கப்படுவார். வன்முறைக்கு ஆளான பெண்ணும், அதற்காகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரும் அந்த ஒரே பிரிவின் கீழ் வருகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ சிறை அதிகாரியிடமோ மனு கொடுத்தால் போதும்.